கேள்விக்காரியின் தலையாட்டல்

ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் செய்கிற அந்தக் கம்பெனியில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். வைத்தவர் நெட்டை. அதுவும் பட்டப்பெயர்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாசற்படியில் குனிந்துதான் உள்ளே வருவார். திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்த எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று வரைவது அவர் வேலை. அவர் வரைந்தது நர்ஸ் கையிலோ நோயாளி கையிலோ போனால் என்ன பாடுபடுகிறது என்று கூடவே உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவது இவள் வேலை.

“அடுத்தவங்க தடுமாறுறதை வேடிக்கை பாக்கறதுக்கு ஒரு சம்பளம்” என்று கணவர் கிண்டல் செய்வார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்.

“நீங்க நாள் முழுக்க ஏறி இறங்கறதுக்கு வாங்கறீங்களே, அது மாதிரிதான்” என்பாள் இவள்.

இந்த வேலைக்கென்று அவள் படித்ததில்லை. ஒன்பது வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதிகிற கவுன்டரில் உட்கார்ந்திருந்தவள். அங்கிருந்த கம்ப்யூட்டருக்கு ஆயிரம் கிறுக்குத்தனம். அதன் கிறுக்கையெல்லாம் சின்னச் சின்னத் துண்டுக் காகிதத்தில் எழுதி, திரையின் ஓரம் சுற்றி ஒட்டி வைத்திருந்தாள். ‘பிறந்த தேதியை முதலில் போடாதே, சுற்றிக்கொண்டே நிற்கும்.’ ‘பெண் குழந்தை என்று போட்டதும் மறுபடி பார், தானாக ஆணாக மாறிவிடும்.’ ‘முகவரியில் கமா போட்டால் அடுத்த வரி காணாமல் போகும்.’ புகார் வந்ததே என்று ஒருநாள், அந்த சாஃப்ட்வேரைச் செய்துகொடுத்த இந்தக் கம்பெனியின் மேனேஜர் நேரில் பார்க்க வந்தார். வரிசை நீண்டுகொண்டே போக, அவர் கவுன்டருக்கு உள்ளே நின்று முப்பத்தொரு காகிதத்தையும் ஒன்றுவிடாமல் படித்தார்.

“இதையெல்லாம் யாரும்மா எழுதச் சொன்னது?”

“யாரும் சொல்லலை சார். அடுத்த ஷிப்டுக்கு வர்றவ அழக்கூடாது இல்லையா.”

மூன்று மாதம் கழித்து அவரே ஆளனுப்பிக் கூப்பிட்டார். அப்படித்தான் அவள் கவுன்டருக்கு இந்தப் பக்கம் வந்தாள். பதினோரு வருஷமாகிறது. கடவுள் ஒருவரை எங்கே கொண்டுபோய் உட்கார வைக்கப் போகிறார் என்பது உட்கார்ந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

அவள் வேலை செய்கிற விதமே தனி. நோயாளியையோ நர்ஸையோ எதிரில் உட்கார வைத்ததும் முதலில் சொல்வது ஒன்றுதான். “நாங்க சோதிக்கிறது உங்களை இல்லை, இந்த ஃபோனைத்தான். தப்பு வந்தா அது எங்க தப்பு.” அதன்பின் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். ‘புரிஞ்சுதா?’ என்று மட்டும் கேட்கவே மாட்டாள். அப்படிக் கேட்டால் மரியாதை தெரிந்த எந்த மனிதரும் புரிந்தது என்றுதானே சொல்வார். எதிரில் இருப்பவர் தடுமாறும்போது உதவச் சொல்லி அவள் நாக்கு துடிக்கும். ‘கடவுளே, என் வாய்க்குப் பூட்டுப் போடு’ என்று மனதுக்குள் பத்து முறை சொல்லி முடிக்கிற வரை அசைய மாட்டாள். அதற்குள் அந்த மனிதர் தானே ஒரு வழி கண்டுபிடிப்பார், அல்லது ஃபோனைக் கீழே வைத்துவிடுவார். எதுவானாலும் குறித்துக்கொள்வாள்.

ஈரக் கையுறையோடு திரையைத் தொட்டால் வேலை செய்யாததால் மூக்கு நுனியால் தொட்டு வேலையை முடித்த ஒரு நர்ஸை அவள்தான் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. திரும்பி வந்து, “தம்பி, ஒருத்தி மூக்கால அழுத்தறா, உன் பொத்தான் மூக்குக்குப் பத்தலை” என்று நெட்டையிடம் சொன்னாள். கையுறை போட்டாலும் கேட்கிற திரை வந்து சேரும் வரைக்கும் அந்தப் பொத்தான் மூக்களவு பெரிதாகவே இருந்தது. அவளைப் பற்றிச் சொல்ல இப்படி நூறு கதை அலுவலகத்தில் உண்டு. ஆனால் எல்லோரும் அவளை மதித்தது அவள் கண்டுபிடித்தவற்றுக்காக. நான் சொல்ல வந்தது அவள் கோட்டை விட்ட கதை.

இதய வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மாத்திரைப் பட்டியலைக் காகிதத்தில் கொடுப்பது வழக்கம். அதை நிறுத்திவிட்டு ஃபோனிலேயே காட்டலாம் என்று ஒரு ஆஸ்பத்திரி கேட்டிருந்தது. நெட்டை அழகாக வரைந்திருந்தார். பெரிய எழுத்து, மாத்திரையின் படம், காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எல்லாம் தெளிவு. கேள்விக்காரி பன்னிரண்டு பேரை உட்கார வைத்துப் பார்த்தாள். ஐந்து மாத்திரை கொண்ட ஒரு பொய்ப் பட்டியலைக் கொடுத்து, “இவர் வீட்டுக்குப் போனதும் என்னென்ன சாப்பிடணும்னு சொல்லுங்க” என்றாள். பன்னிரண்டு பேரும் ஐந்தையும் சரியாகச் சொன்னார்கள். அப்படி ஒரு முடிவு அவளுக்கே அதுவரை வந்ததில்லை. மேனேஜர் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பிவிட்டார். வருகிற திங்கட்கிழமையிலிருந்து ஃபோன்தான், காகிதம் கிடையாது என்று ஏற்பாடு.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வீட்டில் நாத்தனார் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். கணவருக்கு மூத்தவர், தனியாள், இவர்களோடேயே இருக்கிறார். இவள் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். பேச்சில் குத்தல் இருக்கும், கையில் அன்பு இருக்கும்.

“தெருவுல போறவங்களையெல்லாம் கூப்பிட்டு உக்காரவெச்சுக் கேக்கறே. வீட்டுல ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கியா?”

“வீட்டு ஆளுங்களைக் கேக்கக்கூடாது அண்ணி. ஒண்ணு என்னைக் காப்பாத்தப் பாப்பீங்க, இல்லேன்னா கேலி பண்ணுவீங்க.”

“நான் எதுக்கு உன்னைக் காப்பாத்தறேன்? கொண்டா.”

சோதனை முடிந்து முடிவும் போய்விட்டதால் இனி என்ன என்று அவளும் ஃபோனைக் கொடுத்தாள். அண்ணி ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டார். முதல் மாத்திரையைப் படித்தார். இரண்டாவது. மூன்றாவது. திரை அத்தோடு முடிந்திருந்தது. அண்ணி நிமிர்ந்து இவளைப் பார்த்தார். மறுபடி குனிந்து, விரலால் மேலே தள்ளினார். நாலாவது வந்தது. ஐந்தாவது வந்தது. நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அவ்வளவுதான், இந்தா” என்று ஃபோனை நீட்டினார்.

அப்போதுதான் அவள் வழக்கம்போல ஒன்று கேட்டாள். “கீழ இன்னும் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது அண்ணி?”

“உன் மூஞ்சியைப் பாத்தேன்.”

“மூஞ்சில என்ன?”

“தலையாட்டலையே நீ. மூணாவது படிச்சேன், சும்மா கல்லு மாதிரி இருந்தே. சரி, இன்னும் ஏதோ மிச்சம் இருக்குன்னு தள்ளினேன். அஞ்சாவதுக்குத்தான் ஆட்டினே.”

“நான் ஆட்டலையே.”

கணவர் செய்தித்தாளை இறக்கினார். “ஆட்டலையா? ஒரு மனுஷன் பேசி முடிச்சா போதும், உன் தலை லிஃப்ட் மாதிரி மேல போயிட்டுக் கீழ வரும். பழுதே ஆகாத லிஃப்ட்.”

“எல்லார்கிட்டயும் அப்படித்தான் பண்ணுவே கண்ணு” என்றார் அண்ணி, ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டு. “காய் விக்கிறவர் கணக்குச் சொல்லி முடிச்சாலும் ஆட்டறே. நல்ல குணம்தானே, அதுக்கென்ன.”

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள். அந்தப் பன்னிரண்டு பேரும் எதைப் படித்தார்கள்? திரையையா, தன் முகத்தையா?

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் அலுவலகத்துக்குப் போனாள். சோதனையின்போது எடுத்த வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். முன்பே எல்லாவற்றையும் பார்த்தவள்தான். ஆனால் அப்போது அவர்கள் சொன்னதைத்தான் கேட்டாள், அவர்கள் விரலைத்தான் பார்த்தாள். இந்த முறை சத்தத்தை அடைத்துவிட்டு, படத்தின் ஓரத்தில் தெரிந்த தன்னையே பார்த்தாள்.

முதல் ஆள் ஒரு மளிகைக்காரர். மூன்றாவது மாத்திரை முடிந்தது. கண் மேலே எழுந்தது. ஓரத்தில் இருந்த பெண் சிலை மாதிரி இருந்தாள். மளிகைக்காரர் விரலால் தள்ளினார். ஐந்தாவது முடிந்தது. அந்தப் பெண்ணின் தலை, மிக அன்பாக, ஒரு முறை இறங்கி ஏறியது. மளிகைக்காரர் முகத்தில் நிம்மதி வந்தது. இரண்டாவது ஆள், பள்ளிக்கூட டீச்சர். அதே கண், அதே சிலை, அதே தலை. மூன்றாவது ஆள், நாலாவது ஆள். வாய்க்குப் பூட்டுப் போடத் தெரிந்தவளுக்குக் கழுத்துக்குப் போடத் தெரியவில்லை. பன்னிரண்டில் ஒரே ஒருவர்தான் அவளைப் பார்க்கவேயில்லை. தபால்காரர். எதைக் கையில் கொடுத்தாலும் மேலிருந்து கீழ்வரை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் படிக்கத் தொடங்குவார்.

மேனேஜர் வந்ததும் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

“சார், அந்தப் பன்னெண்டுக்குப் பன்னெண்டு தப்பு. ஒண்ணுதான் ஃபோனுக்கு. மிச்சம் பதினொண்ணும் நான் வாங்கிக் கொடுத்த மார்க்.”

நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கெட்டவர் இல்லை. முப்பத்தொரு காகிதத்தையும் நின்றுகொண்டே படித்தவர்தான். ஆனால் ஐந்து நாளில் திங்கட்கிழமை.

“கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சும்மா. இந்த ஒரு ஆஸ்பத்திரியை நம்பித்தான் இந்த வருஷமே இருக்கு.”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுக்கறதுக்காகத்தான் கேக்கறேன். நீ வந்து சொல்லலைன்னா இது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

“யாருக்கும் தெரியாது சார். மூணு மாத்திரையோட நிறுத்திட்டவருக்கே தெரியாது. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “நம்ம சந்தேகம் தப்பாவும் இருக்கலாம் இல்ல? தலையாட்டலைன்னாலும் அவங்க தள்ளியிருக்கலாம்.”

“இருக்கலாம் சார். ரெண்டு நாள் கொடுங்க, பாத்துட்டு வர்றேன். அவங்க வீட்டுல தலையாட்ட யாரும் இருக்க மாட்டாங்க. அதே மாதிரி உக்காந்து பாக்கறேன்.”

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். கட்டுத்துணி அடுக்கி வைக்கிற அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. தன் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்க்கப் போட்டுக்கொண்டாள். புதிதாக எட்டுப் பேர். தங்கள் வீட்டு ஆள் டிஸ்சார்ஜ் ஆவதற்காகக் காத்திருந்தவர்கள், சம்மதித்து வந்தார்கள். நெட்டை மூலையில் நின்று குறிப்பெடுத்தார். தலை ஆடக்கூடாது என்று அவருக்கும் கட்டளை.

முதலில் வந்தவர் விடுதி ஒன்றில் சமைக்கிற அம்மாள். உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

“ஏம்மா, கூப்பிட்டு உக்காரவெச்சிட்டு முதுகைக் காட்டறே. எனக்கும் உனக்கும் என்ன சண்டை?”

“சண்டை இல்லைம்மா. என் மூஞ்சி கொஞ்சம் வாயாடி. அதைத் திருப்பி வெச்சிருக்கேன்.”

“நல்லாருக்கு கூத்து” என்றபடி அந்த அம்மாள் ஃபோனை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் சத்தமில்லை. கேள்விக்காரியின் எதிரில் வெள்ளைச் சுவரும் அதில் ஒரு ஆணியும்தான் இருந்தன. திரும்ப வேண்டும்போல் கழுத்து கெஞ்சியது. ஃபோனை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது.

“மூணுதான். சுளுவா இருக்கே” என்றார் அந்த அம்மாள்.

அடுத்து ஒரு தச்சர். மனைவி மாடியில் வார்டில் இருந்தார். மூன்றைப் படித்து முடித்து, “நல்லவேளை, மூணோட போச்சு. இதுக்கு மேல இருந்தா எனக்கு நினைவு இருக்காதும்மா” என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு முதுகில் வந்து பட்டது போலிருந்தது அவளுக்கு. இது பொய்ப் பட்டியல், இவருடைய மனைவிக்கு இன்றைக்கு ஒன்றும் ஆகாது என்று தெரியும். ஆனாலும் திங்கட்கிழமை யாரோ ஒருவர் வீட்டில், நிஜப் பட்டியலோடு, இதே பெருமூச்சு வந்திருக்கும். சோதனை முடிந்ததும் அவரோடு மாடிவரை நடந்துபோய், அவர் மனைவியின் காகிதப் பட்டியலில் உள்ள மாத்திரைகளை நர்ஸ் எண்ணிக் கொடுக்கிறாரா என்று நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

எட்டில் ஆறு பேர் மூன்றோடு நிறுத்தினார்கள்.

நெட்டை குறிப்புப் புத்தகத்தை மூடினார். அவர் முகம் வெளிறியிருந்தது. “அக்கா, எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினா அஞ்சும் ஒரே திரையில அடங்கிடும்.”

“யாரு தம்பி படிக்கிறது? உனக்குக் கண்ணு நல்லாருக்கு. அந்தச் சமையல்கார அம்மாவுக்கு இப்பவே கை நீட்டிப் பிடிச்சாத்தான் தெரியுது. அதுவுமில்லாம, நாளைக்கு ஒருத்தருக்கு ஒன்பது மாத்திரைன்னா?”

கட்டுத்துணி மூட்டைகளுக்கு நடுவே இரண்டு பேரும் உட்கார்ந்து வரைந்தார்கள். கடைசியில் வந்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ‘மொத்தம் 5 மாத்திரை’ என்று ஒரு வரி. ஒவ்வொரு மாத்திரைக்கும் பக்கத்தில் ‘5-ல் 1’, ‘5-ல் 2’ என்று எண். திரையின் அடியில் நாலாவது மாத்திரையின் தலை பாதி தெரியும்படி விட்டு, ‘கீழே இன்னும் 2 இருக்கிறது’ என்று ஒரு பட்டை. கடைசி மாத்திரைக்குக் கீழே ‘அவ்வளவுதான், ஐந்தும் முடிந்தது’ என்று இன்னொரு வரி.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கூட்டம். மருந்துப் பிரிவுக்குப் பொறுப்பான அம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் பேசத் தொடங்கினார். கேள்விக்காரி எழுந்து, “நான் சொல்றேன் சார்” என்றாள். ஒன்றையும் மறைக்காமல், தலையாட்டியது முதல் தச்சரின் பெருமூச்சு வரை சொன்னாள். “தப்பு வரைஞ்சவர்கிட்ட கொஞ்சம்தான் மேடம். பெரிய தப்பு என்னோடது.”

அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான்.

“உங்க பன்னெண்டை நம்பி நான் பேப்பர் அச்சடிக்கிறதையே நிறுத்தச் சொல்லிட்டேன். வார்டு வார்டாப் போய் நர்ஸுங்ககிட்ட நான் வாக்குக் கொடுத்திருக்கேன். இப்ப போய் என்னன்னு சொல்றது?”

“என் பேரைச் சொல்லுங்க மேடம்.”

“உங்க பேரை வெச்சு நான் என்ன பண்றது?” அந்த அம்மாள் புதிய படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். “மூணு வாரம் தள்ளிப் போடறேன். அதுவரைக்கும் பேப்பர்தான். ஒரே ஒரு வார்டுல ஆரம்பிங்க, பேப்பரும் கூடவே போகும். மறுபடி சோதிக்கும்போது நோயாளிங்க எதிர்ல நீங்க உக்காரக்கூடாது. வேற யாராவது உக்காரட்டும்.”

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள். “அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன் மேடம்.”

சொல்லிவிட்டாள், ஆனால் வலித்தது. பதினோரு வருஷமாக மனிதர்கள் எதிரில் உட்கார்வதுதான் அவளுக்குப் பிடித்த வேலை. அந்த நாற்காலியில் அதன்பின் கணக்குப் பிரிவிலிருந்து வந்த சிரிக்கவே சிரிக்காத ஒரு பெண்மணி உட்கார்ந்தார். கேள்விக்காரி கதவுக்கு வெளியே நடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வீடியோவில் பார்த்துக் குறித்தாள். அந்தப் பெண்மணிக்கு எப்படிக் கேட்பது, எங்கே பேசாமல் இருப்பது என்று எல்லாவற்றையும் தானே சொல்லிக் கொடுத்தாள். வீட்டில் அண்ணி, “என்னால உன் நாற்காலி போச்சா கண்ணு?” என்று இரண்டு நாள் முகம் வாடியிருந்தார்.

“உங்களால ஒரு வார்டு பொழைச்சுது அண்ணி” என்றாள்.

“பேசாம இரு. கடவுள் காப்பாத்தினாரு. நான் பொத்தான் தைச்சுக்கிட்டு இருந்தேன்.”

புதிய படத்தைச் சோதித்ததில் எட்டுக்கு ஏழு. எட்டாவது ஆள் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர். அதையும் மறைக்காமல் எழுதி அனுப்பினாள். கண்ணாடி இல்லாதவர்களுக்குப் படித்துக் காட்டுகிற ஒலிப் பொத்தான் வேண்டும் என்று அடியில் சேர்த்தாள்.

மூன்று வாரம் கழித்து இதய வார்டில் முதல் டிஸ்சார்ஜ். ஒரு பஸ் டிரைவர், கூட மனைவி. நர்ஸ் காகிதத்தையும் கொடுத்து, ஃபோனிலும் பட்டியலை ஏற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கேள்விக்காரி வார்டுக் கதவுக்கு வெளியே, அவர்களுக்குப் பின்னால் தள்ளி நின்றாள். அவள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஃபோனைப் பிடித்தார். காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார், பார்க்கவில்லை. மூன்றாவது வரை படித்தார். நிறுத்தினார். நிமிர்ந்து யாரையும் தேடவில்லை. கட்டை விரல் தானாகத் திரையைத் தள்ளியது.

“இன்னும் ரெண்டு இருக்குங்க” என்றார் கணவரிடம்.

“இன்னுமா? நான் என்ன மருந்துக் கடையா?”

“வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க. நாலாவது ராத்திரிக்கு, சாப்பிட்டதுக்கு அப்புறம். அஞ்சாவது காலையில, வெறும் வயித்துல.” விரல் இன்னொரு முறை மேலே போய், அதற்குமேல் நகராமல் நின்றது. “அவ்வளவுதான். முடிஞ்சுது, எழுந்திரிங்க.”

டிரைவர் செருப்பைத் தேடினார். மனைவி காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்து, ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டார். கதவைத் தாண்டும்போது ஓரமாக நின்ற பெண்ணைப் பார்த்து, “கொஞ்சம் வழி விடும்மா” என்றார். கேள்விக்காரி விலகி நின்றாள். அவர்கள் லிஃப்டுக்குள் போய்க் கதவு மூடிய பிறகு, நடையில் யாரும் இல்லாத அந்த இடத்தில், அவள் தலை ஒரு முறை இறங்கி ஏறியது.